கோச்சி வராத ஊருக்கு மூன்று வாரண்ட்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் நடுப்பகுதியை இலங்கையில் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருள் நிலையங்களின் முன்னால் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசை கட்டி நின்றன. அரச ஊழியர்களைக் கந்தோருக்கு அழைப்பதற்கே எண்ணெய் இல்லை என்றாகிவிட்ட நிலையில், மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் நின்று தோட்டம் செய்யலாம் என்று அமைச்சரவை அவர்களுக்கு விடுமுறை வழங்கியது. (ஜும்ஆவுக்கு ஓடோடி வந்து ஓடோடித் திரும்பியே பழகிப்போன எங்கள் ஊர் உத்தியோகத்தர்கள் சிலருக்கு அதில் ஓர் அந்தரங்க மகிழ்ச்சியும் இருந்தது.)

அதே வாரத்தில், ஜூன் 16ஆம் திகதி, இந்திய நிதி அமைச்சு தன் ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அரச செலவில் விமானத்தில் செல்வோர் தமது வகுப்பில் கிடைக்கும் ஆகக் குறைந்த கட்டணத்துக்கே பயணச்சீட்டு வாங்க வேண்டும். பயணத்துக்கு 21 நாட்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். கடைசி 72 மணித்தியாலங்களுக்குள் பதிவு செய்தால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. வரிசையில் நின்றபடி கைத்தொலைபேசியில் அதை வாசித்தேன். பத்திரிகைத் தொழிலில் நரைத்தவனுக்குச் சுற்றறிக்கைகள் புதியவை அல்ல. ஆனால், அந்தச் சுற்றறிக்கை எனக்கு வாப்பாவை நினைவூட்டியது. அவர் வாழ்நாளில் விமானம் ஏறியதில்லை. அரசாங்கம் அவருக்குக் கொடுத்தது ஆண்டுக்கு மூன்று ரயில் வாரண்ட்.

தமிழகத்து வாசகர்களுக்கும் புலம்பெயர்ந்து வாழும் இளையோருக்கும் இந்த 'வாரண்ட்' கைது செய்யும் சங்கதியாகத் தோன்றக்கூடும். இலங்கை அரச ஊழியர் அகராதியில் அது வேறு. லீவில் ஊருக்குப் போகும் உத்தியோகத்தருக்கு அவருடைய திணைக்களம் எழுதிக் கொடுக்கும் தாள் அது. ரயில் நிலையத்துக் கவுண்டரில் அதை நீட்டினால் காசில்லாமல் டிக்கெட் கிடைக்கும். தனக்கு மட்டுமல்ல, மனைவி மக்களுக்கும் சேர்த்துத்தான். சம்பளப் படிநிலைக்கேற்ப வகுப்பு மாறும். தமிழில் அதற்குப் 'புகையிரத ஆணைச்சீட்டு' என்று கம்பீரமான ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி அதைக் கேட்ட எவரையும் நான் கண்டதில்லை.

கணக்குப் பார்த்தால் அரசாங்கத்துக்கு இது சாமர்த்தியமான ஏற்பாடுதான். 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு முதல் ரயில் ஓடிய நாளிலிருந்து இலங்கையில் ரயில் என்பது அரசாங்கத்தின் சொத்து. தன் வண்டியில் தன் ஊழியனை ஏற்றிச் செல்வதற்குச் சல்லிக்காசு வெளியே போவதில்லை. ஒரு சட்டைப்பையில் இருந்து மறு சட்டைப்பைக்கு மாறுகிறது, அவ்வளவே. சம்பளத்தைக் கூட்டிக் கொடுப்பதைவிட எப்படியும் ஓடப்போகிற வண்டியில் ஓர் ஆசனம் கொடுப்பது மலிவு. இப்படியான சலுகைகளின் பிறப்பு இரகசியம் இதுதான்.

ஆனால், சட்டைப்பை எதுவரை நீளும் என்பதுதான் கேள்வி. மாகோவில் பிரிந்து கல்லோயாச் சந்தி, பொலன்னறுவை, வாழைச்சேனை, ஏறாவூர் வழியாக வரும் கிழக்குப் பாதை 1928இல் மட்டக்களப்பை எட்டியது. எட்டியதோடு நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நீளும் கரையோரத்தில் ஓர் அடி தண்டவாளம்கூட இன்றுவரை போடப்படவில்லை. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை தனி மாவட்டமானது. ரயில் நிலையம் இல்லாத மாவட்டமாகவே அது பிறந்தது.

வாப்பா கொழும்பில் ஓர் அரச கந்தோரில் எழுதுவினைஞர். நாங்கள் உம்மாவோடு கல்முனையில். ஆண்டுக்கு மூன்று வாரண்ட் என்ற கணக்கு எங்கள் வீட்டு நாட்காட்டியோடு பொருந்தி வந்தது: ஒன்று நோன்புப் பெருநாளுக்கு, ஒன்று ஹஜ்ஜுப் பெருநாளுக்கு, மூன்றாவது மையத்துக்கோ கலியாணத்துக்கோ என்று ஒதுக்கி வைத்தது. இரவு மெயில் கோச்சியில் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தபடியே வந்து காலையில் மட்டக்களப்பில் இறங்குவார். அங்கிருந்து கல்முனைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். மானிங் சீமாட்டியின் பெயர் தாங்கிய கல்லடி இரும்புப் பாலத்தைக் கடந்து, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று ஊர் ஊராக நின்று நின்று வரும் பஸ்ஸில் அவர் வந்து சேர்கையில் எங்கள் புத்தாடைகள் கசங்கியிருக்கும். அந்த 40 கிலோமீற்றருக்கு வாரண்ட் செல்லாது. கைக்காசுதான். காலிக்கோ கண்டிக்கோ போகும் அவருடைய சகபாடிகள் ரயில் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்து போனார்கள்.

உம்மாவுக்கும் எங்களுக்கும் உரிய பங்கு பெரும்பாலும் எழுதப்படாமலே போனது. ஐந்து பிள்ளைகளையும் மூட்டை முடிச்சுகளையும் பஸ்ஸில் ஏற்றி மட்டக்களப்புக்குப் போய், அங்கே கோச்சிக்குக் காத்திருந்து, வடமேற்கே மாகோ வரை வளைந்து சென்று கொழும்பை அடைவதைவிட வீட்டில் இருப்பதே மேல் என்று உம்மா முடிவெடுத்திருந்தார். அவர் கொழும்பைப் பார்த்தது இரண்டே தடவைதான். பயன்படுத்தாத வாரண்டுக்கு அரசாங்கம் காசு கொடுப்பதில்லை என்பது வாப்பாவின் நீண்டநாள் மனக்குறை. "எழுதாத வாரண்ட் அடுத்த வருஷம் வெறுந்தாள்" என்பார்.

தரையில் வராத அரசாங்கம் வானத்தில் வந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, மொறிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி இங்கினியாகலையில் அணைகட்டத் தொடங்கிய பின்னர், அம்பாறைக்கு அருகே உகணையில் ஓர் ஓடுபாதை உருவானது. இரத்மலானையிலிருந்து எயார் சிலோன் விமானங்கள் அங்கே வந்திறங்கின. 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்து தொடங்கிய அந்த அரச நிறுவனத்திடம் இருந்தவை சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி என்று பெயர் சூட்டப்பட்ட டக்கோட்டா விமானங்கள். கல்லோயாவின் பெயர் உலக விமான நிலையங்களின் குறியீட்டுப் பட்டியலில் இன்றும் உண்டு: அம்பாறை விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு ஜி.ஓ.வை. அணைகட்டிய திட்டத்தின் பெயர் ஒரு விமானக் குறியீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆறு கடலில் கலக்கும் பக்கத்தில், வயலும் தறியும் மீனுமாக வாழ்ந்த ஊர்களுக்கு அப்பெயரில் இடமில்லை.

அரசாங்கத்தின் விமானம், அரசாங்கத்தின் ஓடுபாதை, அரசாங்கத்தின் ஊழியர். அப்படியானால் ரயில் இல்லாத ஊருக்கு விமான வாரண்ட் கொடுத்திருக்கலாமே என்று சிறுவனாக நான் வாப்பாவிடம் கேட்டதுண்டு. அவர் சிரித்தார். "அதுல போறவங்க வேற ஆக்கள் மகன்" என்றார். டக்கோட்டாவின் ஆசனங்கள் முப்பதுக்கும் குறைவு என்பதும், வாப்பா போன்ற எழுதுவினைஞர்களின் தொகை ஆயிரங்கள் என்பதும் எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது. 1978இல் எயார் சிலோனும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு பிறந்த எயார் லங்கா வெளிநாடுகளை நோக்கிப் பறந்தது.

இந்த இடத்தில் பாக்கு நீரிணையைக் கடந்து பார்ப்பது நல்லது. அரச ஊழியரின் பயணச் சலுகை விமானத்தில் ஏறினால் என்ன ஆகும் என்ற பரிசோதனை, வேறெங்கும் இல்லாத விரிவில், இந்தியாவில்தான் நடந்தது.

இந்திய மத்திய அரசு 1956இல் விடுப்புப் பயணச் சலுகையைக் கொண்டுவந்தது. எல்.டி.சி. என்றால் சென்னைவாசிகளுக்கு உடனே புரியும். சொந்த ஊருக்கும் நாட்டின் ஏதேனும் ஓரிடத்துக்கும் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய்வரலாம். கட்டணத்தை அரசு தரும். இன்று நடைமுறையிலுள்ள விதிகள் 1988இல் தொகுக்கப்பட்டவை. அடிப்படையில் இதுவும் ரயில் சலுகைதான். உயர் அதிகாரிகளுக்கே விமானம். ஆனால், ரயில் எட்டாத இடங்களுக்கு என்ன செய்வது என்ற கேள்வி அங்கே எழுந்தபோது விதியைத் தளர்த்தினார்கள். வடகிழக்கு மாநிலங்கள், ஜம்மு காஷ்மீர், அந்தமான் ஆகியவற்றுக்கு விமான உரிமை இல்லாத ஊழியரும் எல்.டி.சி.யில் பறக்கலாம் என்று தனித்தனி ஆணைகள் பிறந்தன. தண்டவாளம் நின்ற இடத்தில் உரிமை நிற்கவில்லை. உல்லாசப் பயணத்தை வளர்க்கும் நோக்கமும் அதில் கலந்திருந்தது என்பது உண்மைதான். இருந்தாலும் வாப்பாவின் 40 கிலோமீற்றரை நினைக்கையில் எனக்கு அந்த ஆணைகள் மீது ஒரு பொறாமை உண்டு.

இனி மறுபக்கம். 1953இல் நாட்டுடைமையாக்கப்பட்ட எயார் இந்தியா, புதிய நூற்றாண்டில் தனியார் நிறுவனங்களோடு போட்டியிட முடியாமல் நட்டத்தில் தள்ளாடியது. 2009 ஜூலையில் நிதி அமைச்சு ஓர் ஆணை பிறப்பித்தது: அரசு கட்டணம் செலுத்தும் விமானப் பயணங்கள் அனைத்தும் எயார் இந்தியாவில்தான், எல்.டி.சி. உட்பட. ஆடு தானாக வந்து வாசலில் நின்றால் இறைச்சிக்கடைக்காரர் பேரம் பேசுவாரா? எல்.டி.சி. 80 என்ற பெயரில் அரச ஊழியருக்கென்று ஒரு தனிக் கட்டணம் அமைந்தது. சலுகைப் பயணத்துக்கு அரசு திருப்பித் தரும் தொகைக்கு அதுவே உச்சவரம்பு. அதே தடத்தில் தனியார் விமானத்தின் சீட்டு அதைவிட மலிவாகக் கிடைக்கையிலும் ஊழியர் அதை வாங்க முடியாது என்ற புகார் ஆண்டுக்கணக்கில் ஒலித்தது. பெயர் சலுகை, விலை சந்தையைவிட அதிகம். பயணச்சீட்டை நிறுவனத்திடம் நேரே வாங்க வேண்டும், இல்லையேல் பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், பின்னர் சேர்க்கப்பட்ட ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய அரச முகவர்கள் ஊடாகவே வாங்க வேண்டும் என்றும் கட்டுப்பாடு வந்தது.

வாங்குபவனுக்கு விலையில் அக்கறை இல்லாமல் போகும் இடத்தில் கள்ளச் சீட்டும் முளைக்கும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் போலி விமானச்சீட்டுகளையும் போலி ஏறுசீட்டுகளையும் காட்டிப் பயணப்பணம் பெற்றார்கள் என்று மத்திய புலனாய்வுப் பிரிவு வழக்குத் தொடர்ந்தது. பீகாரைச் சேர்ந்த முன்னாள் ராஜ்யசபா உறுப்பினர் ஒருவர் 2022இல் குற்றவாளியாகக் காணப்பட்டு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்; அப்போது வகித்த சட்டமன்ற ஆசனத்தையும் இழந்தார். விமானமே ஏறாமல் விமானக் கட்டணம் வாங்கியவர்களையும், ஏறுவதற்கு ரயில் இல்லாமல் வாரண்டைக் கிழித்துப்போட்டவர்களையும் ஒரே காலத்தில் பார்த்துவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் 2020 ஒக்டோபரில் வந்தது. கொரோனாவால் எவரும் பயணிக்க முடியாத நிலையில், எல்.டி.சி. கட்டணத்தைக் காசாகவே தருகிறோம், அதைப்போல மூன்று மடங்குக்குப் பொருளோ சேவையோ வாங்கி ரசீது காட்டுங்கள் என்று இந்திய அரசு அறிவித்தது. விமானத்தில் சாதாரண வகுப்பு உரிமையுடையவருக்குத் தலைக்கு 20,000 ரூபாய், ரயில் உரிமையுடையவருக்கு 6,000 ரூபாய், போய்வர. சந்தையில் வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தும் உபாயம் அது. ஊழியர் மீதான கருணை அல்ல. ஆனாலும் பயணிக்க முடியாதவனின் சீட்டுக்கும் ஒரு விலை உண்டு என்று ஓர் அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. வாப்பா கேட்டதும் அதைத்தானே.

2022 ஜனவரி 27ஆம் திகதி எயார் இந்தியா டாட்டா குழுமத்தின் கைக்குத் திரும்பியது. அதற்கு மூன்று மாதங்கள் முன்னரே, நிலுவைகளைத் தீர்த்துவிடுங்கள், இனிக் கடனுக்குச் சீட்டுக் கிடையாது என்று நிதி அமைச்சு திணைக்களங்களுக்கு எழுதிவிட்டது. சொந்த விமானம் கைவிட்டுப் போன பிறகுதான் ஆகக் குறைந்த கட்டணத்தைத் தேடு என்ற ஞானம் பிறந்தது. எரிபொருள் வரிசையில் நான் வாசித்த சுற்றறிக்கையின் பூர்வீகம் இதுவே.

அமெரிக்கர்கள் இந்த ஞானத்தை முன்னமே பெற்றிருந்தார்கள். 1978இல் விமானக் கட்டணங்கள் மீதான அரச கட்டுப்பாடு நீங்கியதும், 1980 முதல் அவர்களுடைய மத்திய அரசு விமான நிறுவனங்களைக் கேள்விப்பத்திரத்துக்கு அழைத்தது. இன்ன நகரிலிருந்து இன்ன நகருக்கு எங்கள் ஊழியர்களை என்ன விலைக்கு ஏற்றுவீர்கள்? முன்பதிவு நிபந்தனை கிடையாது, பயணம் இரத்தானால் முழுப்பணமும் திரும்ப வேண்டும் என்று வாங்குபவனே நிபந்தனை போட்டான். சில தடங்களோடு தொடங்கியது பின்னர் ஆயிரக்கணக்கான தடங்களாக விரிந்தது. அரச செலவில் பறப்போர் அமெரிக்க விமானங்களையே நாட வேண்டும் என்ற 1974ஆம் ஆண்டுச் சட்டம் அங்கும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஆனால், அந்த வேலிக்குள்ளே பல நிறுவனங்கள் போட்டியிட்டன. ஒரே ஒரு நிறுவனத்தை வேலிக்குள் வைத்துக்கொண்டு மலிவு விலை கேட்பது வேறு விஷயம்.

எங்கள் நாட்டில் அரசுக்கும் அதன் விமானத்துக்குமான உறவு எப்படி இருந்தது என்பதற்கு 2007 டிசம்பர் ஒரு சான்று. லண்டனிலிருந்து திரும்பவிருந்த ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவுக்கும் அவரோடு சென்ற 35 பேரளவிலானோருக்கும் ஸ்ரீலங்கன் விமானத்தில் ஆசனம் கேட்கப்பட்டது. காசு கொடுத்து ஏற்கெனவே பதிவுசெய்த பயணிகளை இறக்க முடியாது என்று நிறுவனம் மறுத்தது. அப்போது அதை நிர்வகித்தது எமிரேட்ஸ். தலைமை நிறைவேற்று அதிகாரி பீட்டர் ஹில்லின் தொழில் வீசா இரத்துச் செய்யப்பட்டது. 2008 மார்ச்சில் எமிரேட்ஸுடனான நிர்வாக ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது, புதுப்பிக்கப்படவில்லை. நிறுவனம் அதன்பின் குவித்த நட்டத்தை வரி கட்டுவோர் அறிவார்கள்.

மீண்டும் கரையோரத்துக்கு வருகிறேன். வாப்பாவின் காலத்தில் அந்த 40 கிலோமீற்றர் வெறும் செலவும் அலுப்புமாகத்தான் இருந்தது. 1990இல் அது உயிருக்கு விலை கேட்கும் பாதையாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் கல்முனையிலிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகளைக் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகள் கடத்திக் கொன்றார்கள். ஹஜ் கடமையை நிறைவேற்றிவிட்டு வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 12ஆம் திகதி, கல்முனைக்கு மேற்கே வீரமுனையில், கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். ஒவ்வோர் ஊருக்கும் அடுத்த ஊர் அந்நிய நாடானது. போர்க்காலத்தில் கோச்சியும் பல ஆண்டுகள் மட்டக்களப்புக்கு வரவில்லை. எங்கள் பக்கத்து அரச ஊழியர்கள் அம்பாறைக்குப் போய், மகியங்கனை, கண்டி என்று மலையேறி இறங்கும் பஸ்களிலேயே கொழும்புக்குப் போனார்கள். வாரண்ட் புத்தகம் கந்தோர் அலுமாரியில் கிடந்தது. அதைப் பற்றி எவரும் முறையிடவில்லை. உயிரோடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்த காலம்.

அரச செலவில் கொழும்பிலிருந்து எங்கள் மாவட்டத்துக்குப் புறப்பட்ட ஆகாயப் பயணங்களுள் ஒன்று மட்டும் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. 2000 செப்டம்பர் 16ஆம் திகதி, அம்பாறை நோக்கி விமானப்படை ஹெலிகொப்டரில் வந்துகொண்டிருந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப், அரநாயக்க ஊரகந்த மலையில் அது விழுந்து நொறுங்கியதில் உடன்வந்தோருடன் மரணமானார். கல்முனை வீதிகளில் அன்று மாலை நான் கண்ட மௌனத்தைப் பற்றி வேறொரு சந்தர்ப்பத்தில் எழுத வேண்டும்.

போர் முடிந்தது. கல்லடியில் 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2018இல் மட்டக்களப்பு விமான நிலையம் உள்நாட்டுப் பயணிகளுக்காகத் திறந்து வைக்கப்பட்டது. உதயதேவி மறுபடியும் மட்டக்களப்புக்கு ஓடுகிறது. தண்டவாளம் மட்டும் 1928இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

என் தங்கையின் மகள் கல்முனையில் ஓர் அரச கந்தோரில் உத்தியோகம் பார்க்கிறாள். கணவனுக்குக் கொழும்பில் வேலை. போன பெருநாளுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது இந்தக் கட்டுரைக்காகக் கேட்டேன்:

"இந்த வருஷம் எத்தனை வாரண்ட் எடுத்தாய் மகள்?"

"ஒண்டும் எடுக்கல்ல மாமா. விடியச் சாமத்துல புள்ளைகளையும் கொண்டு மட்டக்களப்புக்கு ஆட்டோ புடிக்கிற காசுக்கு, வாசல்லயே ராவு பஸ்ல ஏறிடலாம்."

பிறகு ஏதோ நினைத்தவளாகக் கேட்டாள்: "ஏன் மாமா, எடுக்காட்டி காசு தருவாங்களா?"